ருஸ்லான் என்றால் சிங்கம்

2000இல் நம்ம ஆனந்த் ஜெயித்த ஃபிடே உலக செஸ் பட்டம், அடுத்த முறை, அதாவது 2002 ஜனவரியில், 18 வயது உக்ரைன் பையன் ஒருவன் கைக்குப் போனது. ருஸ்லான் பொனமரியோவ். ஆனந்த் அரையிறுதியிலேயே தோற்றுப்போன வருத்தத்தில் அந்தப் பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது. ரொம்ப நாள் அதை அசல் ஸ்லாவியப் பெயர் என்றே நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. துருக்கிய மொழிகளில் சிங்கத்துக்கு அர்ஸ்லான் என்று பெயர். அது ரஷ்ய நாட்டுப்புறக் கதைக்குள் யெருஸ்லான் என்ற வீரனாக நுழைந்து, அப்புறம் ருஸ்லான் ஆகி, 1820இல் ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் காவியத்துக்கே நாயகனானது. பிறகு அதற்குப் பெண்பாலும் வந்துவிட்டது: 2004இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்ற உக்ரைன் பாடகி ருஸ்லானா.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் சொந்தக்காரர் வீட்டில் குழந்தைக்குப் பெயர் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒரு பெயரைச் சொன்னதும், "அதெல்லாம் அவங்க பேரு" என்று ஒரு பெரியவர் வெட்டிவிட்டார். பெயரைக் கேட்டதுமே ஆளை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிற இந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவருக்கு அங்கேயே இந்தச் சிங்கத்தின் கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

செல்ஜுக் என்ற துருக்கிய வம்சத்து சுல்தான் அல்ப் அர்ஸ்லானை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பெயர் முகம்மது, வீரத்தால் வந்த பட்டம் அர்ஸ்லான். 1071இல் மன்சிகர்ட் போரில் பைசாந்தியப் பேரரசர் ரோமானோஸைச் சிறைபிடித்தவர், அதாவது ஒரு கிறிஸ்தவப் பேரரசரையே. சரி, கிட்டத்தட்ட 900 வருஷம் கழித்து, 1950இல், ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் தன் நார்னியா சிறுவர் கதையில் கிறிஸ்துவின் சாயலோடு படைத்த சிங்கத்துக்கு என்ன பெயர் வைத்தார்? அஸ்லான். ஆயிரத்தோரு இரவுகளின் ஆங்கில மொழிபெயர்ப்பில், அடிக்குறிப்புகளில் பார்த்து எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். துருக்கிச் சொல் என்று தெரிந்தேதான் எடுத்தார், பிடித்திருந்தது, வைத்துக்கொண்டார். இன்றைக்கும் ரஷ்யாவின் தெற்கே செச்சென் முஸ்லிம் வீட்டிலும் ருஸ்லான் உண்டு, பக்கத்திலேயே கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள வடக்கு ஒசேத்தியாவிலும் அஸ்லான் உண்டு. ஹங்கேரியர்களோ சிங்கத்தையே ஒரோஸ்லான் என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் துருக்கிய மொழியிலிருந்து போனதுதான். இதில் யார் பெயர், யாருடையது?

துருக்கியில் அம்மாக்கள் மகனைக் கொஞ்சும்போது "அஸ்லானிம்" என்பார்கள், என் சிங்கமே என்று அர்த்தம். அந்தப் பெரியவரும் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் பேரனை மடியில் இருத்தி, "என் சிங்கக்குட்டில்ல, இன்னும் ஒரே ஒரு வாய்" என்றுதான் ஊட்டிக்கொண்டிருந்தார்.