அது குடை இல்லை ஐயா

நேற்று சமூக ஊடகத்தில், இந்திய வரைபடத்தின் மேல் நீலக் குடை விரித்த அந்தப் படத்தின் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி விவரிக்கத் தெம்பில்லை. "இந்தியா முழுவதும் ஏவுகணை புகாத கவசம்" என்று போட்டிருந்தார்கள். அப்படி ஒரு கவசம் உலகில் எவரிடமும் இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதினேன். கிடைத்த பட்டம், துரோகி. பதினெட்டு ஆண்டு கால நண்பர் ஒருவரும் அதற்கு விருப்பக்குறி போட்டிருக்கிறார். இருக்கட்டும்.

ஏவுகணைத் தடுப்பு குடை அல்ல. பறந்து வரும் கல்லை இன்னொரு கல்லால் அடிக்கும் வேலை. 2000 கி.மீ. பாயும் ஏவுகணையின் முனை, இறங்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 4 கி.மீ. கடக்கும். குறி தவறக்கூடும் என்று தெரிந்துதான் நம் விஞ்ஞானிகளே இரண்டு அடுக்காக அமைத்தார்கள். 2006 நவம்பரில் நடந்த சோதனையில் சுமார் 50 கி.மீ. உயரத்தில் இலக்கை அடித்தார்கள். 2007 டிசம்பரில் வேறொரு ஏவுகணையால் 15 கி.மீ. உயரத்தில். மேலே தப்பினால் கீழே பிடிக்க வேண்டும். குடையாக இருந்தால் இரண்டாவது எதற்கு?

"விஞ்ஞானிகளை அவமதிக்கிறாயா?" என்பீர்கள். 2010 மார்ச் சோதனையில் இலக்காக ஏவிய ஏவுகணையே தடம் மாறிப் போனபோது, தடுப்பு ஏவுகணையை ஏவாமல் நிறுத்தியவர்கள் அவர்கள். கோளாறை ஒப்புக்கொண்டு மறுபடி வேலை பார்த்தார்கள். 2024 ஜூலை 24 அன்று மாலை 4.20க்கு இலக்கு கிளம்பியது, 4.24க்குத் தடுப்பு ஏவுகணை பாய்ந்தது. அருமையான சோதனை. சோதனை! எதிரி நாள் குறித்துவிட்டு அனுப்ப மாட்டான்.

"ரஷ்யாவிடம் வாங்கிய எஸ்-400 வான் பாதுகாப்பு ஏவுகணைகள் இருக்கின்றனவே?" 2018இல் ஒப்பந்தம் போட்டது ஐந்து தொகுதிகளுக்கு. நாட்டு வரைபடத்தை விரித்து ஐந்து புள்ளி வைத்துப் பாருங்கள்.

1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர், சவூதி அரேபியாவின் தஹ்ரான். அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில், அதன் கணினிக் கடிகாரம் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியிருந்தது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையைத் தவறான இடத்தில் தேடியது. அது படைமுகாமில் விழுந்து 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருகைப்பதிவு இயந்திரம் நினைவுக்கு வரும். ஒரு தொழிற்சாலையில் அதைப் பராமரித்தேன். தினமும் சில வினாடி முந்தி ஓடி, இரண்டு மாதத்தில் மூன்று நிமிடம் முந்திவிட்டது. சரியான நேரத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அரை நாள் கூலி போயிற்று. கைக்கடிகாரத்தை அதன் பக்கத்தில் வைத்து மேலாளருக்குக் காட்டினேன். "நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கிறாயா?" என்றார். கடிகாரத்தை அவர் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்றும் அதே கேள்வி. நிறுவனத்துக்குப் பதில் நாடு, அவ்வளவுதான். தப்பு இருக்கிறது என்று சொல்பவன் எப்போதுமே வெளியாள். கை தட்டுபவன் வீட்டுப் பிள்ளை. அந்த நண்பர் வீட்டுத் திருமணத்தில் விடிய விடியப் பந்தியில் பரிமாறியவன் நான். என் நாட்டுப்பற்றை அளக்க அவருக்கு ஒரு விருப்பக்குறி போதுமாக இருந்திருக்கிறது.

படத்தை இன்னும் எடுக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். குடை இலங்கையையும் சேர்த்து மூடியிருக்கிறது, அந்தமானை மட்டும் நனைய விட்டுவிட்டார்கள்.