ஒரே மூச்சில் 4 லிட்டர் தண்ணீர்: செல்கள் சுத்தமாகுமா?

"காலையில் ஒரே மூச்சில் 4 லிட்டர் தண்ணீர் குடித்தால் செல்களில் தேங்கிய நச்செல்லாம் கழுவிப் போய்விடும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

செல்லின் கழிவை அதற்குள்ளேயே இருக்கும் லைசோசோம்கள் என்ற நுண்பைகள் சிதைக்கின்றன. ரத்தத்தில் சேர்வதைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். சிறுநீரகத்தால் மணிக்குச் சுமார் 1 லிட்டர்தான் வெளியேற்ற முடியும். அதை மீறிக் குடித்தால் சோடியம் நீர்த்துப்போகும். அப்போது தண்ணீர், செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வைக் கடந்து செல்களுக்குள் புகும். வெறும் தண்ணீரில் விட்ட ரத்தச் சிவப்பணு உப்பி வெடிப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். உடலுக்குள் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் மூளை வீங்க மண்டையோட்டுக்குள் இடமேது? தலைவலி, வாந்தி, வலிப்பு என்று உயிருக்கே உலை வைக்கலாம்.

உயிரியல் பாடநூலில் 'சவ்வூடு பரவல்' (தண்ணீர் சவ்வைக் கடக்கும் விதம்), மருத்துவ நூல்களில் 'ஹைப்போநட்ரீமியா' (ரத்தத்தில் சோடியம் குறைதல்) பகுதிகளைப் புரட்டிச் சரிபாருங்கள். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.