விட்ஜெட்டின் மொழியை விட்ஜெட்டிலேயே மாற்ற முடிய வேண்டும்

கணினித் திரையில் நாம் வைத்துக்கொள்ளும் கடிகாரம், நாட்காட்டி, வானிலை போன்ற விட்ஜெட்டுகள் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பதை, கணினியின் மற்ற எதையும் தொடாமல், அந்தந்த விட்ஜெட்டிலேயே முடிவு செய்ய வழி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலைக்கான மென்பொருள்களை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் ஒருவர், கிழமையையும் தேதியையும் மட்டும் தமிழில் பார்க்க விரும்பினால், அதற்காக முழுக் கணினியின் மொழியையும் மாற்றச் சொல்வது நியாயமாகப் படவில்லை. நாள் முழுவதும் அடிக்கடி கண் போகும் இடம் அது. அங்கே தன் மொழி இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புவதை அற்ப ஆசையாக நான் நினைக்கவில்லை.

மொழியை மாற்றிய பிறகும் பாதி ஆங்கிலத்திலேயே நிற்கிறதே என்று பலர் குழம்புகிறார்கள். ஒரே விட்ஜெட்டில் தெரியும் சொற்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து வருவதே இதற்குக் காரணம். பொத்தான்களும் தலைப்புகளும் பொதுவாகக் கணினியின் காட்சி மொழியை, அதாவது கணினி தன் பட்டிகளையும் செய்திகளையும் காட்டும் மொழியை, பின்பற்றுகின்றன. கிழமை, மாதம், நேரம் ஆகியவை பெரும்பாலும் தேதி, நேரம் எழுதும் முறையை முடிவு செய்யும் வட்டார அமைப்பிலிருந்து வருகின்றன. காட்சி மொழியை மாற்றினால் வட்டார அமைப்பும் தானாக மாறிவிடும் என்று நம்ப முடியாது. ‘லேசான மழை’ போன்ற வானிலை வருணனையும் செய்தித் தலைப்புகளும் இணையத்தில் உள்ள சேவையகம் அனுப்புபவை. விட்ஜெட் எந்த மொழியைக் கேட்கிறதோ, அந்தச் சேவை எந்த மொழியைத் தருகிறதோ அதுவே வரும். முன்பே இறக்கி வைத்த தகவல் புதுப்பிக்கப்படும் வரை பழைய மொழியே தெரிவதும் உண்டு. ஆகவே, மாறாமல் நிற்பது எந்தப் பகுதி என்று முதலில் பார்த்துவிட்டால், எந்த அமைப்பைத் திறக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

விண்டோஸ் விஸ்டாவிலும் 2009-இல் வந்த விண்டோஸ் 7-இலும் கேட்ஜெட் என்ற பெயரில் இவை இருந்தன. ஒவ்வொரு கேட்ஜெட்டின் கோப்புறைக்குள்ளும் மொழிவாரியாக உட்கோப்புறைகள் வைக்க முடிந்தது; கணினியின் மொழிக்கு ஏற்றதை அது தானே எடுத்துக்கொள்ளும். பாதுகாப்புக் குறைகள் காரணமாக அவற்றை நிறுத்திவிடும்படி மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2012-இல் அறிவுறுத்தியது. அது சரியான முடிவுதான். 2021-இல் வந்த விண்டோஸ் 11-இன் விட்ஜெட் பலகை, காட்சி மொழியையே பின்பற்றுகிறது. அதன் செய்திப் பகுதிக்கு மட்டும் மொழியும் நாடும் தேர்ந்தெடுக்கும் தனி அமைப்பு உண்டு. காட்சி மொழியை மாற்றினாலோ, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். ஒற்றை மொழிப் பதிப்பு என்ற பெயரில் விற்கப்படும் விண்டோஸ் இருக்கும் கணினியில் இரண்டாவது காட்சி மொழியையே சேர்க்க முடியாது.

ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி என்ற கொள்கையை மென்பொருள் துறை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஐபோனிலும் மேக் கணினியிலும் 2019 முதலும், ஆண்ட்ராய்டில் 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பு முதலும் அந்த வசதி இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளம் இதை இன்னும் முன்பே உணர்ந்திருந்தது. அங்கே நிரல்களின் மொழியும் தேதி, நேரத்தின் மொழியும் தனித்தனி அமைப்புகள். லினக்ஸின் திரைச் சூழல்களில் ஒன்றான கேடிஇ பிளாஸ்மாவில் நிரல்களை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு நேர வடிவத்தை மட்டும் தமிழுக்கு மாற்றி, மறுபடி உள்நுழைந்தால் போதும். விண்டோஸில் இயங்கும் ரெயின்மீட்டர் என்ற விட்ஜெட் மென்பொருள் இன்னும் ஒரு படி மேலே போகிறது: திரையில் உள்ள ஒவ்வொரு கடிகாரத்துக்கும் அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதித் தனி மொழி கொடுத்துவிடலாம். நான் கேட்பதும் இதைத்தான்; ஆனால் கோப்பைத் திறந்து திருத்தத் தெரியாதவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

மொழியை மாற்ற முடிந்தாலும், மாறிய எழுத்து சரியாகத் தெரிய வேண்டுமே. கிழமைப் பெயரைச் சுருக்க, முதல் மூன்று குறியீடுகளை மட்டும் வெட்டி எடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. (எழுத்து, அதன் உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றைக் கணினி தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணும்.) ஆங்கிலத்தில் அது பொருந்திவிடும். தமிழில் ‘வெள்ளி’ என்பதன் முதல் மூன்று குறியீடுகள் வகரம், எகரக் குறி, ளகரம் என்பதால், புள்ளி போய் ‘வெள’ என்று நிற்கும். ‘திங்கள்’ என்பது ‘திங’ ஆகும். ‘மார்ச்’ என்பது ‘மார’ ஆகும். ஒரே குறியீட்டை எடுத்தால் ‘செவ்வாய்’ வெறும் ‘ச’ ஆகி, சனிக்கிழமையிலிருந்து பிரித்தறிய முடியாமல் போகும். இவ்வளவுக்கும், எழுத்துக் குறியீடுகளைத் தரப்படுத்தும் யூனிகோட் கூட்டமைப்பின், மொழிவாரியான தேதி, நேர வடிவங்கள் அடங்கிய சிஎல்டிஆர் தரவுத் தொகுப்பில் தமிழுக்கான சுருக்கங்கள் ‘திங்.’, ‘செவ்.’, ‘வெள்.’ என்று முறையாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதை எடுக்காமல் எழுத்தை வெட்டுவது அக்கறையின்மை என்றே சொல்வேன்.

அகலமும் இதே போன்ற சிக்கல்தான். ஆங்கிலக் கிழமைப் பெயருக்கு அளந்து செய்த பெட்டியில் ‘வெள்ளிக்கிழமை’ அடங்காது. வரியின் உயரத்தை இறுக்கி அமைத்தால் மேலே உள்ள புள்ளியும் கீழே இறங்கும் உகரக் குறியும் வெட்டுப்படும். தமிழ் எழுத்தே இல்லாத எழுத்துருவை வடிவமைப்பாளர் கட்டாயமாக்கியிருந்தால், கணினி வேறோர் எழுத்துருவைத் தேடி எடுத்துக் காட்டும். அதன் அளவு பக்கத்தில் உள்ள எண்களோடு ஒத்துப்போகாது. விண்டோஸில் ரெயின்மீட்டர் வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புக் கோப்பில் எழுத்துருவை நிர்மலா அல்லது லதா என்று மாற்றிப் பார்க்கலாம்.

முழுக் கணினியையும் தமிழுக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லையே என்று சிலர் கேட்பார்கள். மாற்ற விரும்புவோர் தாராளமாக மாற்றட்டும். எனக்கும் அது மகிழ்ச்சியே. ஆனால் பிழைச் செய்தியை அப்படியே இணையத்தில் தேடித் தீர்வு காண வேண்டியவரும், ஒரே கணினியை வேறு மொழிக்காரரோடு பகிர்ந்துகொள்பவரும் அப்படிச் செய்ய இயலாது. அவர்களுக்கு விட்ஜெட்டின் அமைப்புப் பக்கத்தில் ஒரு மொழிப் பட்டியல் போதும். அதில் கணினியின் மொழி என்பது இயல்பான தேர்வாக இருக்கட்டும். வேறொன்றைத் தேர்ந்தால் தேதியும் பொத்தானும் சேவையகத்திடம் கேட்கும் தகவலும் சேர்ந்தே மாறட்டும். பழைய தகவலை நீக்கிப் புதியதை உடனே இறக்கட்டும். மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லாத விட்ஜெட்டாக இருந்தால், பட்டியலிலிருந்து தமிழை எடுத்துவிட வேண்டாம். தேதியை மட்டுமாவது தமிழில் காட்டட்டும். அதற்கு வேண்டிய தரவு பெரும்பாலான கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது.