ஃபிளாக் என்று பெயர் வைத்தால் போதுமா?

பெருந்துறை மச்சான் பென் டிரைவில் பெருஞ்சலங்கையாட்டப் (காலில் சலங்கை கட்டி ஆடும் கொங்கு நாட்டு ஆட்டம்) பதிவை ஃபிளாக் (FLAC) என்ற ஒலிக்கோப்பாகக் கொடுத்தார். "சுத்தமான லாஸ்லெஸ், மாப்ள" என்றார்; சத்தத்தில் எதுவும் தொலையாமல் சுருக்கியது என்று அர்த்தம். ஈரோடு வந்து ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படம்) பார்த்தால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அறுத்துவிட்டது போல வெறுமை. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) அளவுக்குச் சத்தத்தில் கொஞ்சம் வெட்டிச் சுருக்கிய எம்பி3-யை யாரோ ஃபிளாக்காக மாற்றியிருக்கிறார்கள். கோப்பு பல மடங்கு பெருத்தது. போன சத்தம் திரும்பவில்லை. சலங்கைச் சத்தம் தண்ணீரில் நனைத்த மாதிரி குழைகிறது. வயிறு எரிகிறது.

எம்பி3-க்கும் லாஸ்லெஸுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரிகிறதாம். எதில் கேட்டார்? காரில், புளூடூத்தில்! அது அனுப்பும்போதே இன்னொரு தடவை சுருக்கிவிடுமே. சிடியின் 1,411 கேபிபிஎஸ்ஸையும் நல்ல 320 எம்பி3-யையும் பெயர் காட்டாமல் மாற்றி மாற்றிப் போட்டால் பெரும்பாலோருக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கும்தான். ஆனால் 128-இல் கெடுத்ததை லாஸ்லெஸ் என்று ஊரெல்லாம் பரப்பாதீங்க மச்சான். அந்த ஆட்டத்துக்கு வேறு பதிவு என்னிடம் இல்லை.