பயமுறுத்தி அனுப்புவதற்குப் பெயர் வரவேற்பா?

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு நடந்த அந்த வரவேற்பு விழா வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள், பார்த்தேன். "வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார். மூணு பேரில் ஒருத்தர் அடுத்த வருஷம் இங்கே இருக்க மாட்டீங்க" என்கிறார் மேடையில் பேசுகிறவர். அரங்கமே கைதட்டுகிறது. கமெண்டில் "இப்படிச் சொன்னால்தான் உறைக்கும்" என்று பாராட்டு வேறு. வயிறு எரிகிறது.

மூன்றில் ஒருவர் போய்விடுவார் என்று தெரிந்தால், அவர் போகாமலிருக்க நாம் என்ன செய்யப்போகிறோம் என்றல்லவா முதல் நாள் பேச வேண்டும்?

பாதியில் போகிறவர்கள் படிப்பு வராதவர்கள் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். ஆசிரியர்களோடும் சக மாணவர்களோடும் ஒட்டுறவு உண்டாகிறதா என்பதையும் பொறுத்தே ஒருவர் நிலைப்பதும் விலகுவதும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975லேயே எழுதிவிட்டார். அமெரிக்க உளவியலாளர்கள் வால்டனும் கோஹனும் 2011ல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவு. 'நமக்கு இங்கே இடமில்லையோ' என்ற கலக்கம் எல்லாருக்கும் வரும், போகப்போகத் தீரும் என்பதை சீனியர்களின் அனுபவங்கள் வழியாக முதலாண்டு மாணவர்களுக்குப் புரியவைத்தார்கள். ஒரு மணி நேரம்தான். அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் ஏறி, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. அந்த மேடையில் நின்றவர் அதே கலக்கத்தை மைக் பிடித்து உறுதிப்படுத்திவிட்டுப் போகிறார்.

என் முதல் வருஷத்தில் சந்தேகம் கேட்கப் போய், ஆசிரியர் அறை வாசலில் நோட்டோடு நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போக நமக்கு உரிமை உண்டு என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு வேறொரு ஆசிரியர் என் அசைன்மென்ட் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "மூன்றாவது வரியில் தடம் மாறிவிட்டது. வந்து பாருங்கள், சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்." அந்த 'வந்து பாருங்கள்' இல்லையென்றால் நான் பட்டம் வாங்கியிருக்க மாட்டேன்.

"பல்கலைக்கழகம் என்ன பாலர் பள்ளியா?" என்பீர்கள். யாரையும் இடுப்பில் தூக்கிவைக்கச் சொல்லவில்லை. பாடத்தைக் குறைக்கவும் சொல்லவில்லை, சும்மா பாஸ் போடவும் சொல்லவில்லை. "நாங்களெல்லாம் தானே முட்டிமோதி வரவில்லையா?" வந்தீர்கள். வராமல் போனவர்கள் இந்தப் பதிவுக்குக் கமெண்ட் போடப் போவதில்லை. "ஆறுதல் வார்த்தையால் என்ன ஆகும்?" என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதே முயற்சியை 22 கல்வி நிறுவனங்களில் செய்துபார்த்து 2023ல் வெளியான ஆய்வும் அதைத்தான் சொல்கிறது: ஒட்டிக்கொள்ள உண்மையான வாய்ப்பு உள்ள இடத்தில்தான் அந்த வார்த்தை பலிக்கிறது. அந்த வாய்ப்பை உண்டாக்குவது யார் வேலை? பதினெட்டு வயதுப் பிள்ளையின் வேலையா?

என் அறைத்தோழன் என்னைவிடக் கெட்டிக்காரன். செமஸ்டர் நடுவிலேயே பெட்டியைக் கட்டினான். அவன் போன பிறகும் வருகைப் பதிவில் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கு அவன் ஞாபகம்தான். கோபமாக எழுதுகிறேன் என்றால் ஆமாம், கோபம்தான்.

ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களே, முதல் மாதத்திலேயே மதிப்பெண் கணக்கில் சேராத ஒரு சின்னத் தேர்வு வையுங்கள். தடுமாறுகிறவரை நீங்களே கூப்பிடுங்கள். தொடர்ந்து இரண்டு வகுப்புக்கு வராதவருக்கு அன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.