அந்தத் தாயத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். சிலர் பதிவும் போட்டுவிட்டார்கள். அதனால் முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. பண்டைய மெசபடோமியாவின், அதாவது இன்றைய ஈராக் பகுதியின், மதம் பற்றிய பேச்சு அது. திரையில் பசூசு என்ற பேயின் தலை வடிவில் செய்த தாயத்தின் படம் வந்தது. "பேயை விரட்ட இன்னொரு பேய்! மெசபடோமியர்களின் மதம் இவ்வளவுதான், பயமும் பூசாரியும்" என்றார் பேச்சாளர். அரங்கமே சிரித்தது. நான் எழுந்து கேள்வி கேட்டதும், "அக்காவுக்கு பக்தி வந்துடுச்சு" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அதற்கும் சிரிப்பு. மனசு இன்னும் ஆறவில்லை.

அந்தப் படத்தில் இருந்தது என்ன பொருள் என்று அவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கி.மு. முதல் ஆயிரமாண்டில் அசீரியாவிலும் பாபிலோனிலும் செய்யப்பட்ட சின்னத் தலை அது. வெண்கலத்திலும் கல்லிலும் கிடைக்கிறது. பிதுங்கிய கண், பிளந்த வாய், உச்சியில் ஒரு வளையம். அந்த வளையத்தில் கயிறு கோத்துக் கட்டிக்கொள்ளலாம், தொங்கவிடலாம். கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் லமஷ்டுவிடமிருந்து தப்பிக்க வைத்திருந்தது இது.

லமஷ்டு யார்? வானக் கடவுள் அனுவின் மகள். சிங்கத்தலை, கழுதைப் பல். பிரசவ வலியில் இருக்கிற பெண்ணின் வயிற்றை ஏழு முறை தொட்டு உள்ளே இருக்கும் உயிரை எடுத்துவிடுவாள் என்று மந்திரப் பாடல்கள் சொல்கின்றன. அவளை எப்படி அனுப்பிவைத்தார்கள் தெரியுமா? சீப்பு, நூல் நூற்கும் கதிர், எண்ணெய்ப் புட்டி எல்லாம் கொடுத்து வழியனுப்பினார்கள். அந்தச் சீப்பும் கதிரும் தாயத்துத் தகடுகளில் அவளுக்குப் பக்கத்திலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. பிறந்த பிள்ளை பிழைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாத காலத்தில், ஒரு தாய் சாவுக்கே சீப்பு கொடுத்து, "எடுத்துக்கொண்டு போய்விடு, என் பிள்ளையை விடு" என்று கெஞ்சியிருக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நான் அன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். மெசபடோமியர்களுக்கும் அவர்களின் அண்டை மக்களுக்கும் மதம் வெறும் பயம் இல்லை. வேறு போக்கிடம் இல்லாதவன் போய் முறையிட்ட இடம் அது. வழக்கு, கடன், நோய், சாவு, எல்லாவற்றையும் அங்கேதான் கொண்டுபோனான். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

சரி, உடனே வரப்போகிற கேள்வி தெரியும். "பூசாரிகளுக்கு வக்காலத்து வாங்குகிறாயா?" இல்லை. பூசாரிகள் சுரண்டினார்கள். அதற்கான சாட்சியை நானே தருகிறேன், பேச்சாளர் அதையும் தரவில்லை. கி.மு. 2350 வாக்கில் தெற்கு மெசபடோமியாவான சுமேரில் லகாஷ் நகரை ஆண்ட உருகாகினா களிமண் கூம்புகளில் எழுதிவைத்த சீர்திருத்தங்களைப் படியுங்கள். பிணத்தைப் புதைக்கக் கொண்டுவந்தால் அடக்கச் சடங்கு செய்பவர் 7 குடம் பீர், 420 ரொட்டி, அதற்கு மேல் தானியம், துணி, ஆடு, கட்டில் என்று வாங்கிக்கொண்டிருந்தார். செத்தவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஓர் ஏழைத் தாயின் தோட்டத்தில் கோயில் அதிகாரி புகுந்து மரத்தை வெட்டிப் பழத்தை அள்ளிப்போனதும் அதிலேயே இருக்கிறது.

ஆனால் அதே கூம்பை முடிவுவரை படிக்க வேண்டாமா? உருகாகினா அந்தக் கூலியை 3 குடம் பீர், 80 ரொட்டி என்று குறைத்தான். விதவையையும் அநாதையையும் வலியவன் கையில் ஒப்படைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். யாரிடம்? நகரத்துக் கடவுள் நின்கிர்சுவிடம். கொள்ளையும் கடவுள் பெயரில் நடந்தது, அதை நிறுத்தியதும் கடவுள் பெயரில்தான் நடந்தது. முதல் பாதியை மட்டும் எடுத்துப் பேசினால் கைத்தட்டல் கிடைக்கும். இரண்டாவது பாதியைச் சொன்னால் பக்தி வந்துவிட்டது என்பார்கள்.

பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டத்தைக் கண்ணுக்குக் கண் என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறோம். அதில் 32ஆவது பிரிவு என்ன சொல்கிறது? போருக்குப் போன சிப்பாய் எதிரியிடம் சிக்கி, ஒரு வணிகன் பணம் கொடுத்து மீட்டு வந்தால், சிப்பாயின் வீட்டில் வசதி இருந்தால் அவனே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர்க் கோயில் கொடுக்க வேண்டும். கோயிலிலும் இல்லாவிட்டால் அரண்மனை கொடுக்க வேண்டும். அவன் வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் இதற்காக விற்கக் கூடாது. பாருங்கள், சிப்பாய்க்கு அடுத்து கோயில், அதற்கும் பிறகுதான் அரண்மனை. இதுவும் பயமா?

"ராஜாவும் பூசாரியும் கூட்டுக் களவாணிகள்" என்றும் பேச்சாளர் சொன்னார். பல இடங்களில் உண்மை, மறுக்கவில்லை. பாபிலோனின் புத்தாண்டு விழா அகிட்டுவில் ஐந்தாம் நாள் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எசகிலா கோயிலில் பாபிலோனின் தலைமைக் கடவுள் மார்துக்கின் சந்நிதிக்கு முன்னால் அரசனின் செங்கோலையும் மகுடத்தையும் தலைமைப் பூசாரி கழற்றி வாங்கிக்கொள்வார். கன்னத்தில் ஓர் அறை. பிறகு அரசன் மண்டியிட்டு, பாபிலோனை அழிக்கவில்லை, மக்களின் கன்னத்தில் அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். மகுடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு அறை. கண்ணீர் வந்தால்தான் கடவுளுக்குத் திருப்தி. இதை விவரிக்கும் களிமண் பலகைகள் பிற்காலத்தவை, தெரியும். அந்த ஊர் தன் அரசனிடம் எதை எதிர்பார்த்தது என்பதை அவை காட்டத்தானே செய்கின்றன?

அப்புறம், ஊர் (Ur) என்ற சுமேரிய நகரத்தின் அரச கல்லறைகளில் சேவகர்களைக் கொன்று சேர்த்துப் புதைத்தார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், ஒரே குழியில் 74 பேர். கொடுமைதான், அதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. சுமேரியர் தமிழரா என்ற கேள்வியோடு வருகிறவர்களுக்கும் இங்கே இடம் இல்லை. அதை இழுத்து இந்தப் பேச்சைத் திசைதிருப்பாதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். என் சித்திக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது பிரசவத்துக்கு இடுப்பில் ஒரு தாயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து, ஊசி, ஸ்கேன் எதையும் அவள் தவறவிட்டதில்லை. ஆனாலும் அங்கே இருந்த ஒரு அம்மா எல்லார் முன்னாலும் அந்தக் கயிற்றைத் தூக்கிக் காட்டி, "படிச்ச பொண்ணுதானே நீ?" என்று கேட்டுச் சிரித்தார். சித்தி ஒன்றும் பேசாமல் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அந்தக் கை எப்படி நடுங்கியது என்று எனக்குத் தெரியும். அறிவியலா தாயத்தா என்று அவள் யாரோடும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள், கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டாள்.

சுமேரியப் பாடல் ஒன்று உண்டு. கீழுலகத்துக்குப் போய்வந்த என்கிடுவிடம் காவிய நாயகன் கில்காமேஷ் ஒவ்வொருவராகக் கேட்பான். ஒரு மகன் உள்ளவன் எப்படி இருக்கிறான், ஏழு மகன்கள் உள்ளவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே வந்து, தன் பெயரைக்கூட அறியாமல் செத்துப் பிறந்த குழந்தைகளைப் பார்த்தாயா என்பான். பார்த்தேன், பொன்னும் வெள்ளியுமான மேசையில் தேனும் நெய்யும் வைத்து விளையாடுகிறார்கள் என்பான் என்கிடு. மற்றவர்கள் பலருக்கு அந்த உலகத்தில் தாகமும் பசியும்தான். அந்தக் குழந்தைகளுக்கு மட்டும் தேனும் நெய்யும். இந்த வரியைப் பூசாரி தன் வருமானத்துக்காகவா எழுதினான்? யாரை மிரட்ட இது உதவும்?

"உணர்ச்சிவசப்படுகிறாய், இது வரலாறு இல்லை" என்பார்கள். உணர்ச்சியும் அந்தப் பலகைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறதே. அபில்-அதாத் என்ற ஓர் ஆள், பழைய பாபிலோனியக் காலத்தவன், தன் சொந்தக் கடவுளுக்குக் கடிதம் எழுதுகிறான். அப்பா என்று அழைத்து, ஏன் என்னைக் கவனிக்காமல் விட்டாய், என்னைப்போல் ஒருவனை உனக்கு யார் தருவார்கள் என்று கேட்கிறான். உன்மேல் பிரியமாக இருக்கிற மார்துக்குக்கு எனக்காக எழுது, என் வீட்டுப் பெரியவர்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இரக்கம் காட்டு என்கிறான். இது அடிமையின் பயமா? உரிமையோடு சண்டை போடுகிற பிள்ளையின் குரல் இது.

அடுத்த கூட்டம் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளைப் பற்றியாம். அதற்கு முன்னால் பேச்சாளர் ஹிட்டைட் அரசன் இரண்டாம் முர்சிலியின் கொள்ளைநோய்ப் பிரார்த்தனைகளைப் படித்துவிட்டு வரட்டும். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியவை, அவர்களின் தலைநகர் ஹட்டூசாவில் கிடைத்தவை. எகிப்தியக் கைதிகளோடு வந்த நோயில் இருபது வருடமாக ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். என் அப்பா எகிப்தோடு செய்த சத்தியத்தை மீறினார், அப்பன் செய்த பாவம் பிள்ளையைச் சேர்கிறது, ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு பேரரசன் எழுதுகிறான். பறவை கூட்டில் அடைக்கலம் புகுந்தால் கூடு காப்பாற்றுகிறது, சுமை தாங்காத வேலைக்காரன் எசமானிடம் முறையிட்டால் அவர் கேட்கிறார் என்று கடவுளிடமே நியாயம் பேசுகிறான். உனக்கு ரொட்டி படைக்கிறவர்களும் செத்துப்போனால் உனக்கு யார் படைப்பார்கள் என்கிறான். மொழிபெயர்ப்பு இணையத்திலேயே கிடைக்கிறது, நீளமும் அதிகம் இல்லை. படித்த பிறகும் பயமும் பூசாரியும்தான் என்று தோன்றினால், மேடையில் வேண்டாம், இங்கே வந்து எழுதுங்கள். வரிவரியாகப் பேசுவோம்.