கர்ப்பிணிக்கு அரிப்பு: பித்த அமிலச் சோதனை தேவையில்லையா?

"கர்ப்பிணிக்கு உள்ளங்கை அரித்தால் அது சூடுதான், பொள்ளாச்சி இளநீர் போதும். லேப்பில் எழுதும் பித்த அமில டெஸ்ட் வெறும் வசூல், மஞ்சள் காமாலைக்குப் பார்க்கும் பிலிருபினும் அதுவும் ஒன்றுதான்" என்று ஈரோடு, கோவை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

இளநீர் நல்லதுதான், அதில் சண்டையில்லை. ஆனால் பிலிருபின் என்பது சிவப்பணு சிதைவதில் வருவது; பித்த அமிலமோ, கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிப்பது. இந்த அரிப்புக்குக் காரணமாகக்கூடிய கர்ப்பகாலப் பித்தத்தேக்கத்தில், அதாவது பித்தம் கல்லீரலிலிருந்து சரியாக வெளியேறாமல் தேங்கும் நிலையில், பிலிருபின் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், பித்த அமிலம்தான் ஏறியிருக்கும். ஆய்வகத்தில் நொதி சேர்த்து, நிறம் மாறும் வேகத்தை வைத்து அதைத் தனியாக அளக்கிறார்கள். வெறும் வயிறு கட்டாயமில்லை.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலை இணையத்தில் யாரும் படிக்கலாம்: ரத்தத்தில் பித்த அமிலம் லிட்டருக்கு 19 மைக்ரோமோல் முதல் கவனிக்க வேண்டும், 100 தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது.

தடிப்பு இல்லாமல் ராத்திரியில் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால் மருத்துவரைப் பாருங்க. சந்தேகத்துக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண் இருக்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.